புத்தர் சொன்னார், சரி! எங்கே சொன்னார்?



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு வரலாறு. நான் வரலாற்றுப் பேராசிரியர் அல்லள். வெகுஜனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி படைத்து வருகிறேன். ஆகவே நான் செய்த ஒரு தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். அந்தத் தவறுதான் என்னை வரலாற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

சில ஆண்டுகளுக்கு முன் விசாக தினச் சிறப்பு நிகழ்ச்சி ஒன்றைப் படைத்தேன். முடிவுரை கொஞ்சம் கனமாக இருக்கட்டுமே என்று, புத்தர் சொன்னதாக ஒரு மேற்கோளைச் சேர்த்தேன். யார் சொன்னாலும், எதில் எழுதியிருந்தாலும், உன் சொந்த அறிவுக்கு ஒத்துவந்தால் ஒழிய எதையும் நம்பாதே என்பது அதன் சாரம். நீங்களும் கேட்டிருப்பீர்கள். நாட்காட்டியில் இருக்கும், வாழ்த்து அட்டையில் இருக்கும், பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் சொல்வார்கள்.

மறுநாள் நிலையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. கோல சிலாங்கூர் வட்டாரம், புக்கிட் ரோத்தானிலிருந்து ஒரு பெரியவர். தோட்டத்தில் கிராணியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரல் நடுங்கியது, ஆனால் கேள்வி நடுங்கவில்லை.

"அம்மா, நிகழ்ச்சி நல்லா இருந்துச்சு. ஒரே ஒரு சந்தேகம். புத்தர் சொன்னாருன்னு சொன்னீங்களே, எந்த எடத்துல சொல்லியிருக்காரு?"

"ஐயா, அது எல்லாருக்கும் தெரிஞ்ச வாசகம்தானே" என்றேன்.

"தப்புன்னு நான் சொல்லலம்மா. எடத்தக் கேக்குறேன். முப்பது வருசம் செக்ரோல் எழுதுனவன் நான். ஆளு வேலைக்கு வந்தான்னு யாரு சொன்னாலும், பேரு எந்தப் பக்கத்துல இருக்குன்னுதான் கேப்பேன். பழக்கம் விடல."

என்னிடம் பதில் இல்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று எண்ணை வாங்கிக்கொண்டேன். நிகழ்ச்சிக் குழுவில் சொன்னபோது, "யாருங்க இதையெல்லாம் கவனிக்கப் போறாங்க?" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செய்திக்கு இரண்டு ஆதாரம் வேண்டும் என்று படிக்கும்போது சொல்லிக் கொடுத்தார்கள். அந்த விதியை நான் மேற்கோளுக்குப் பயன்படுத்தவே இல்லை.

தோட்டத்து விலாசம் போல

நான் முதலில் போன இடம் பிரிக்பீல்ட்ஸ் மகா விகாரை. 1894இல் சிங்கள பௌத்தர்கள் தொடங்கிய சங்கத்தின் கோயில் அது. 1952இல் நம் நாட்டுக்கு வந்து 2006இல் மறையும் வரை அங்கே தொண்டாற்றிய கே. ஸ்ரீ தம்மானந்தா பிக்குவை நம்மில் பலருக்குத் தெரியும். அங்கிருந்த ஒரு பிக்குவிடம் என் வாசகத்தைச் சொன்னேன். அவர் சொன்ன பதில்: "நீங்கள் தேடுவது அங்குத்தர நிகாயத்தில் இருக்கிறது. அல்லது, நீங்கள் நினைப்பது போல அங்கே இல்லை. போய்ப் படித்துப் பாருங்கள்." ஒரு தாளில் எழுத்தும் எண்ணுமாக எழுதிக் கொடுத்தார்: அ.நி. 3.65. அதன் கீழே அ 1, 188.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் அது ஒரு விலாசம் என்று புரிந்தது.

எங்கள் பகுதித் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். மேரி தோட்டம், நைகல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்று தோட்டத்துக்கு ஒரு பெயர். தோட்டத்துக்குள் டிவிஷன். டிவிஷனுக்குள் லயம். லயத்துக்குள் வீட்டு எண். இவ்வளவும் சொன்னால் ஊருக்குப் புதியவரும் வந்து சேர்வார். "முனியாண்டி, தோட்டம்" என்று மட்டும் கடிதம் எழுதினால் எந்த முனியாண்டிக்குப் போகும்?

பௌத்த நூல்களின் விலாசமும் அப்படித்தான். பாலி மொழியில் உள்ள தேரவாத மறைநூல்களுக்குத் திரிபிடகம், மூன்று கூடைகள், என்று பெயர். துறவிகளுக்கான ஒழுங்குகள் வினய பிடகம். புத்தரின் உரைகள் சூத்திர பிடகம். நுட்பமான தத்துவ ஆய்வு அபிதம்ம பிடகம். உரைகள் ஐந்து நிகாயங்களாக வகுக்கப்பட்டுள்ளன. நீளமான 34 உரைகள் தீக நிகாயம். நடுத்தர நீளமுள்ள 152 உரைகள் மஜ்ஜிம நிகாயம். பொருள் வாரியாகத் தொகுத்தவை சம்யுத்த நிகாயம். எண்ணிக்கை வாரியாகத் தொகுத்தவை அங்குத்தர நிகாயம்: ஒன்றைப் பற்றிய உரைகள், இரண்டைப் பற்றியவை, இப்படிப் பதினொன்று வரை. மற்றவை குத்தக நிகாயம்; 423 பாடல்கள் கொண்ட தம்மபதம் இதில்தான் வருகிறது.

அப்படியானால் அ.நி. 3.65 என்பது அங்குத்தர நிகாயத்தில் மூன்றின் தொகுதியில் 65ஆவது உரை. கீழே இருந்த அ 1, 188? அது அச்சுப் பக்கம். இலங்கையில் அரசு அதிகாரியாக இருந்தபோது பாலி கற்ற ரைஸ் டேவிட்ஸ் என்ற ஆங்கிலேயர், 1881இல் லண்டனில் பாலி நூற்கழகத்தைத் தொடங்கினார். ஓலைச் சுவடிகளிலிருந்து நூல்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டார்கள். அங்குத்தர நிகாயத்தின் முதல் தொகுதி 1885இல் வெளிவந்தது. அன்று முதல் உலக அறிஞர்கள் அந்தப் பதிப்பின் தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் விலாசமாகக் கொடுத்து வருகிறார்கள். முதல் தொகுதி, 188ஆம் பக்கம். கிராணியார் கேட்டது இதைத்தானே!

இங்கே ஓர் எச்சரிக்கை. பதிப்புக்குப் பதிப்பு எண்ணும் முறை மாறும். இதே உரை சில பதிப்புகளில் 65, வேறு சிலவற்றில் 66. ஊரின் பெயரே சிலவற்றில் கேசபுத்தம், சிலவற்றில் கேசமுத்தம். ஆகவே எண் ஒன்று தள்ளிப் போனதும் மேற்கோள் பொய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முன்னும் பின்னும் ஒரு வீடு தட்டிப் பார்க்க வேண்டும்.

கேசபுத்தத்தில் நடந்தது

விலாசத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உள்ளே இருந்தவர் நான் நினைத்த ஆள் இல்லை!

கோசல நாட்டில் கேசபுத்தம் என்ற ஊர். அங்கே காலாமர் என்ற குடியினர். அவர்கள் புத்தரிடம் முறையிடுகிறார்கள்: எங்கள் ஊருக்குப் பல ஆசான்கள் வருகிறார்கள், ஒவ்வொருவரும் தம் கொள்கையை உயர்த்தி, பிறர் கொள்கையைத் தாழ்த்திப் பேசுகிறார்கள், யார் சொல்வது உண்மை என்று தெரியவில்லை.

சந்தேகப்படுவது சரிதான் என்று சொல்லிவிட்டுப் புத்தர் ஒரு பட்டியல் தருகிறார். இவற்றை மட்டும் நம்பி ஒன்றை ஏற்றுக்கொள்ளாதீர்கள் என்று பத்து. செவிவழிச் செய்தி, வழிவழியாக வந்தது, "இப்படியாம்" என்ற ஊர்ப்பேச்சு, நூலில் இருக்கிறது என்பது, இவை நாம் எதிர்பார்ப்பவை. ஆனால் பட்டியல் அங்கே நிற்கவில்லை. தர்க்கம், ஊகம், காரணம் காட்டி யோசித்துப் பார்த்தது, நம் கருத்தோடு ஒத்துப்போகிறது என்பது, சொல்பவர் தகுதியானவராகத் தெரிகிறார் என்பது, இவர் நம் குரு என்பது. இவையும் உண்டு.

கவனியுங்கள். உன் அறிவுக்கு ஒத்துவந்தால் நம்பு என்று நான் சொன்னேன். மூல உரையோ, தர்க்கமும் நம் கருத்தோடு ஒத்துப்போவதும்கூடப் போதாது என்கிறது. அப்படியானால் எது அளவுகோல்? இது கெடுதல், அறிந்தோர் பழிப்பது, செய்தால் தீங்கும் துன்பமும் விளையும் என்று நீங்களே உணர்ந்தால் விடுங்கள். நன்மை விளையும் என்று உணர்ந்தால் கைக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். பேராசை, பகை, மயக்கம் மூன்றையும் வைத்து ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டு விளக்குகிறார். அறிந்தோர் சொல்லுக்கும் அங்கே இடம் உண்டு. மனம் போன போக்கில் நம்பச் சொல்லவில்லை.

சொல்பவர் தகுதியானவராகத் தெரிகிறார் என்ற இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பட்டுப்புடவை கட்டி, விளக்கு வெளிச்சத்தில் நின்று, நல்ல உச்சரிப்போடு நான் சொன்னேன் என்பதற்காக எத்தனை வீடுகளில் அதை நம்பியிருப்பார்கள்! செவிவழிச் செய்தியை நம்பாதே என்று சொல்லும் உரையையே நான் செவிவழிச் செய்தியாக்கி விட்டேன்.

காஞ்சியிலிருந்து வந்த உரை

இதோடு விட்டிருந்தால் ஒரு திருத்தம் போட்டு முடித்திருப்பேன். ஆனால் அந்த உரைக்கு விளக்கம் எழுதியவர் யார் என்று தேடியபோது கதை நம் பக்கம் திரும்பியது.

பாலி மறைநூல்களுக்கு எழுதப்பட்ட விளக்கங்களுக்கு அட்டகதா என்று பெயர். நம் பரிமேலழகர் உரை, நச்சினார்க்கினியர் உரை போல. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இலங்கை அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து, பழைய சிங்கள உரைகளைப் பாலியில் தொகுத்து எழுதியவர் புத்தகோசர். அங்குத்தர நிகாயத்துக்கு அவர் எழுதிய உரையின் பெயர் மனோரதபூரணி. அதன் முடிவுரையில், இந்த உரையை எழுதும்படி தம்மைக் கேட்டவர் ஜோதிபாலர் என்ற தேரர் என்றும், காஞ்சிபுரம் முதலிய இடங்களில் முன்பு தாம் அவரோடு வாழ்ந்ததாகவும் குறிப்பிடுகிறார். காலாமர் உரைக்கு இன்று உலகம் முழுவதும் எடுத்துப் பார்க்கும் விளக்கம், காஞ்சிபுரத்தில் அவரோடு தங்கியிருந்த ஒரு தோழரின் வேண்டுகோளால் எழுதப்பட்டது!

அவர் ஒருவர் மட்டுமல்லர். புத்ததத்தர் சோழ நாட்டு உரகபுரத்தைச் சேர்ந்தவர். அது உறையூர் என்பது அறிஞர் பலரின் கருத்து. அவர் அபிதம்மாவதாரம் என்ற நூலைக் காவிரிப்பூம்பட்டினத்தில் எழுதினார். தம்மபாலர் தென்னகத்துக் கடற்கரையிலிருந்த பதரதித்த விகாரையில் இருந்தவர். தேரர்கள், தேரியர் பாடல்களுக்கெல்லாம் உரை கண்டவர். இன்று ஒரு பௌத்த அறிஞர் உரைநூலை மேற்கோள் காட்டினால், அந்த உரையாசிரியர் தமிழகத்தோடு தொடர்புள்ளவராக இருக்க வாய்ப்பு அதிகம். இது நம் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்?

உரைநூல்களைப் படிக்கும்போது இரண்டு சங்கதிகளை நினைவில் வைக்க வேண்டும். ஒன்று, மூலத்தில் திரும்பத் திரும்ப வரும் பகுதியை "பே" என்று ஓர் எழுத்துப் போட்டுச் சுருக்கி விடுவார்கள். முன்பு சொன்னதையே இங்கும் சேர்த்துப் படித்துக்கொள் என்பது பொருள். அது தெரியாமல் படித்தால் வாக்கியம் அரைகுறையாகத் தோன்றும். மேற்கோள் அங்கே இல்லை என்று நினைத்துவிடுவோம். இரண்டாவது, புத்தகோசரே சில இடங்களில் "போராணர் சொன்னார்கள்", அதாவது பழையவர்கள் சொன்னார்கள், என்று மட்டும் எழுதுவார். எந்தப் பழையவர், எந்த நூல் என்று சொல்ல மாட்டார். அந்தப் பழைய உரைகள் அழிந்துவிட்டதால், அந்த வரிகளுக்கு இருக்கும் ஒரே வீடு இப்போது புத்தகோசர் நூல்தான்.

ஆக, புத்தர் சொன்னாரா, உரையாசிரியர் சொன்னாரா, உரையாசிரியர் எடுத்துக்காட்டிய பழையவர் சொன்னாரா என்று மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் புத்தர் வாயில் போட்டுவிடுகிறோம். திருவள்ளுவர் பெயரில் பரிமேலழகரைச் சொல்வது போலத்தான் இது.

எதிரியின் ஏட்டில் பிழைத்த காப்பியம்

தமிழில் எழுதப்பட்ட பௌத்த நூல்கள் என்ன ஆயின? ஐம்பெருங்காப்பியங்களில் இரண்டு பௌத்தம் சார்ந்தவை. மணிமேகலை முழுதாகக் கிடைத்தது. நாதகுத்தனார் இயற்றிய குண்டலகேசி கிடைக்கவில்லை. இன்று கையில் இருப்பவை 19 பாடல்கள் என்பது வழக்கமான கணக்கு. அந்தப் பாடல்கள் எப்படிப் பிழைத்தன என்பதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி.

குண்டலகேசியை மறுக்கவே எழுதப்பட்ட சமண நூல் நீலகேசி. அதில் குண்டலகேசியோடு வாதம், மொக்கலனோடு வாதம், புத்தரோடு வாதம் என்று சருக்கம் சருக்கமாக பௌத்தத்தை எதிர்க்கிறார்கள். அதற்கு உரை எழுதிய சமய திவாகர வாமன முனிவர், மறுப்பதற்கு முன் எதிர்த் தரப்பு என்ன சொன்னது என்பதை எடுத்துக் காட்டினார். புறத்திரட்டு என்ற தொகைநூலைத் தொகுத்தவரும் நூற்பெயரைக் குறித்துச் சில பாடல்களைச் சேர்த்து வைத்தார். நூல் அழிந்தது, மேற்கோள் நின்றது. எதிர்த்தவர் ஒழுங்காக மேற்கோள் காட்டியதால்தான், தமிழில் அப்படி ஒரு காப்பியம் இருந்ததன் சுவையை நாம் அறிகிறோம். நீலகேசியை அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்தார்.

வீர ராசேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், புத்தமித்திரர் எழுதிய இலக்கண நூல் வீரசோழியம். அதற்குப் பெருந்தேவனார் எழுதிய உரையில் புத்தரைப் போற்றும் அழகான பாடல்கள் எடுத்துக்காட்டாக வருகின்றன. ஆனால் பலவற்றுக்கு எந்த நூலிலிருந்து எடுத்தது என்ற குறிப்பு இல்லை. பாட்டு இருக்கிறது, ஊரும் பேரும் போய்விட்டன. அந்த வீரசோழியத்தை சி. வை. தாமோதரம் பிள்ளை அச்சில் கொண்டு வந்த ஆண்டு 1881. லண்டனில் பாலி நூற்கழகம் தொடங்கிய அதே ஆண்டு.

பிறகு உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைக் கையில் எடுத்தார். தமிழ் நாட்டில் பௌத்தம் மறைந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டதால், நூலில் வரும் பௌத்தச் சொற்களுக்குப் பொருள் சொல்ல ஆள் இல்லை. கும்பகோணம் கல்லூரியில் இருந்த மளூர் ரங்காசாரியர், பௌத்தம் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்துப் படித்து அவருக்கு விளக்கினார். 1898இல் மணிமேகலை அரும்பதவுரையோடு வெளிவந்தது. அய்யர் ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு நூல்களில் ஒப்புமை தேடி அடிக்குறிப்பு எழுதியதால்தான் நாம் இன்று அதைப் பொருள் தெரிந்து படிக்கிறோம்.

குண்டலகேசியின் கதையையும் பாலியில் தேடிப் பார்க்கலாம். தம்மபதத்தின் 102, 103ஆம் பாடல்களுக்கு அட்டகதா சொல்லும் கதை அவளுடையது. கள்வனை மணந்து, அவனே தன்னைக் கொல்ல முயன்றபோது அவனை மலையிலிருந்து தள்ளிவிட்டுத் தப்பி, பின் துறவியாகிய பெண்ணின் கதை. தமிழில் தொலைந்த கதைக்கு பாலியில் விலாசம் இருக்கிறது.

கடாரத்துக் கல்

இதெல்லாம் தமிழ் நாட்டிலும் இலங்கையிலும் நடந்தது, நமக்கென்ன என்று கேட்கலாம். இராசராச சோழன் காலத்தில், 1006ஆம் ஆண்டளவில், கடாரத்து அரசர் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்ததையும், அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊர் கொடையாகத் தரப்பட்டதையும் லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. கடாரம் என்பது நம் கெடா. பௌத்தம் கடலின் இரு கரையையும் இணைத்திருந்தது.

அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது, 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி கெடாவின் புக்கிட் மெரியாம் பகுதியில் கண்டெடுத்த கல்வெட்டு. அதில் இரண்டு சமஸ்கிருதச் சுலோகங்கள். முதலாவது, காரணத்தால் தோன்றுபவற்றின் காரணத்தைப் புத்தர் சொன்னார் என்று தொடங்கும் புகழ்பெற்ற வாசகம். அதன் விலாசம் தெளிவு. வினய பிடகத்தின் மகாவக்கத்தில், அஸ்ஸஜி என்ற பிக்கு, பின்னாளில் சாரிபுத்தர் என்று பெயர் பெற்றவருக்குச் சொல்வது அது. ஆசியா முழுவதும் களிமண் முத்திரைகளிலும் கற்களிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது சுலோகம், அறியாமையால் வினை சேர்கிறது, வினையால் பிறவி வருகிறது, ஞானத்தால் வினை நிற்கிறது என்ற கருத்துடையது. இதே சுலோகம், 1834இல் லோ செபராங் பிறை வட்டாரத்தில் கண்டெடுத்த புத்தகுப்தன் என்ற மாலுமியின் கல்லிலும் இருக்கிறது. கெடாவின் சுங்கை மாஸ் கல்லிலும் இருக்கிறது. போர்னியோ தீவிலும் கிடைத்திருக்கிறது. ஆனால் அறிஞர்கள் பல காலமாகத் தேடியும், இது எந்த நூலிலிருந்து எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கல்லில் வெட்டி வைத்தவர்களுக்கு அது அவ்வளவு பழக்கமான வாசகம் போலும். நூலின் பெயரைச் சொல்லவே தேவைப்படவில்லை!

மூன்றாவது ஓர் எடுத்துக்காட்டும் கெடாவிலேயே உண்டு. சிறு களிமண் பலகை ஒன்றில் மூன்று சுலோகங்கள். அவை சாகரமதி பரிப்ருச்சை என்ற மகாயான நூலைச் சேர்ந்தவை என்று அடையாளம் கண்டது எதை வைத்து? சீன மொழிபெயர்ப்பை வைத்து! குண்டலகேசியை நீலகேசி உரை காத்தது போல, இந்த வரிகளின் விலாசத்தைச் சீனர் காத்துக் கொடுத்தார்கள்.

புத்தரே சொன்ன விதி

மேற்கோளைச் சரிபார்க்க வேண்டும் என்பது இக்காலத்துப் பல்கலைக்கழக வழக்கம் என்று நினைக்க வேண்டாம். தீக நிகாயத்தின் 16ஆவது உரையில், புத்தரின் கடைசிப் பயணத்தில், போகநகரம் என்ற ஊரில் அவர் நான்கு பெரும் அளவைகளைச் சொல்கிறார். அங்குத்தர நிகாயத்திலும் நான்கின் தொகுதியில் 180ஆவது உரையாக இது உண்டு.

ஒருவர் வந்து, இதை நான் புத்தர் வாயாலேயே கேட்டேன் என்று சொல்லலாம். ஒரு சங்கத்தாரிடம் கேட்டேன் எனலாம். கற்றறிந்த மூத்தோர் பலரிடம் எனலாம். ஒரு மூத்தவரிடம் எனலாம். எப்படிச் சொன்னாலும், உடனே போற்றவும் வேண்டாம், உடனே தள்ளவும் வேண்டாம். அந்தச் சொற்களை நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டு, சூத்திரத்தோடும் வினயத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துவராவிட்டால், அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று விட்டுவிடுங்கள். ஒத்துவந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். இதுதான் விதியின் சாரம்.

எழுத்தே இல்லாமல், ஓதி ஓதிக் காத்த காலத்தில் சொன்ன விதி இது. தீக நிகாயத்தை ஓத ஒரு குழு, மஜ்ஜிமத்தை ஓத ஒரு குழு என்று பிரித்துக்கொண்டு நூற்றாண்டுகள் மனப்பாடமாகவே காத்தார்கள். இலங்கையில் பஞ்சமும் போரும் வந்து, ஓதுகிறவர்கள் அழிந்தால் நூலும் அழியும் என்ற நிலை வந்தபோது, கி.மு. முதல் நூற்றாண்டில் ஓலையில் எழுதினார்கள். மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில் எழுதியதாக மரபு.

புக்கிட் ரோத்தான் பயணம்

அடுத்த வார நிகழ்ச்சியில் திருத்தம் சொல்ல வேண்டும் என்று நான் கேட்டபோது, இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். சென்ற வாரம் புத்தர் சொன்னதாக நான் சொன்னது அவர் சொன்னபடி இல்லை. உண்மையில் சொன்னது இது, இருக்கும் இடம் இது என்று சொன்னேன். கை வியர்த்தது. மானம் போகும் என்று பயந்தேன். ஒன்றும் போகவில்லை. மூன்று பேர் அந்த எண்ணை மறுபடி கேட்டு அழைத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புக்கிட் ரோத்தானுக்கு நேரில் போனேன். போகும் வழியெல்லாம் செம்பனை. என் பாட்டி பால்மரம் சீவிய இடம், என் அப்பா குலை வெட்டிய இடம் எல்லாம் அந்தப் பக்கம்தான். 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தாயில்தான் என் பள்ளிப் படிப்பு.

பெரியவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். நான் எழுதிக் கொண்டுபோன தாளைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒரு பழைய குறிப்புப் புத்தகத்தை எடுத்து, நிகாயம், எண், தொகுதி, பக்கம் என்று நான்கு கட்டம் போட்டு எழுதினார். செக்ரோல் எழுதிய கையெழுத்து, அச்சுப் போல இருந்தது.

அந்தப் புத்தகத்தில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். புரட்டிக் காட்டினார். தாம் வேலை பார்த்த தோட்டத்தில் எந்த ஆண்டு பள்ளிக்கூடம் கட்டினார்கள், கோயில் எப்போது எழும்பியது, எந்த டிவிஷன் எந்த ஆண்டு மூடப்பட்டது, யாரிடம் கேட்டு எழுதியது, எந்தத் தேதியில் எழுதியது என்று வரிக்கு வரி குறிப்பு. லயங்களை இடித்துவிட்டார்கள். அந்தக் குறிப்பு இருக்கிறது.

"தென்னமரம் தோட்டத்துலதான் நாட்டுலேயே மொதல்ல வியாபாரத்துக்குச் செம்பனை போட்டாங்கன்னு நம்ம ஆளுங்க சொல்வாங்க. சும்மா பெருமைக்குச் சொல்றதில்லம்மா. 1917, போக்கோனியே என்கிற பிரெஞ்சுக்காரர். அதுக்குப் புத்தகத்துல ஆதாரம் இருக்கு. மத்தத எல்லாம் யாரு எழுதி வெச்சா?" என்று கேட்டார்.

நேயர்களே, வாசகர்களே, அந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். காஞ்சியில் பௌத்தர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு ஓர் உரையாசிரியர் எழுதிய முடிவுரை சாட்சி. குண்டலகேசிக்கு எதிராளியின் ஏடு சாட்சி. மூலம் தெரியாத கெடாச் சுலோகத்துக்குச் சாட்சி இல்லை. சிலாங்கூரின் வடபகுதித் தோட்டங்களில் நம் முன்னோர் வாழ்ந்ததற்கு, இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து எது சாட்சியாக இருக்கும்?

உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். அவர்கள் சொல்வதை எழுதுங்கள். சொன்னவர் பெயர், தோட்டம், டிவிஷன், ஆண்டு, எழுதிய தேதி, இவற்றையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த முறை மேடையிலோ திரையிலோ யாராவது "புத்தர் சொன்னார்", "வள்ளுவர் சொன்னார்" என்று தொடங்கினால், எங்கே சொன்னார் என்று மரியாதையோடு கேளுங்கள். நான் சொன்னாலும் கேளுங்கள்.